விடிஞ்சாத்தானே நாளு

பொங்கலுக்கு முந்தின வாரம். அலுவலகத்தில் பாதிப் பேர் இல்லை. அந்த ஆச்சி நீட்டிய காகிதங்களில் ஒரே பிறப்புக்கு இரண்டு தேதி. எங்கள் பிறப்புப் பதிவேட்டில் 21-12-1938. அவர் கொண்டுவந்த மற்ற எல்லாவற்றிலும் 20-12-1938. எனக்கு அப்போது சர்வீஸ் மூன்று வருஷம்கூட முடியவில்லை. 'தேதி முரண்' என்று எழுதி, பிறப்புச் சான்றுக்கான விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டேன்.

ஆச்சி சண்டை போடவில்லை. மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துப் பிரித்தார். "வெகுதானிய வருஷம் மார்கழி மாசம், செவ்வாக்கிழமை ராத்திரி, கோழி கூவுறதுக்கு முந்தி. எங்க அப்பச்சி கைப்பட எழுதுனது. செவ்வா இருவதுதானே தம்பி?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். செவ்வாய் 20தான். "பதிவுல 21ன்னுல்ல இருக்கு ஆச்சி?"

"அது என்னமோ. விடிஞ்சாத்தானே நாளு?"

எனக்கு விளங்கவில்லை. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், பாஸ்போர்ட்டுக்கு வேண்டும் என்றார். மேலதிகாரியைப் பாருங்கள் என்று கைகாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

விளக்கியவர் ஒரு பழைய கிராம முன்சீப், ஊரின் பிறப்பு இறப்பைப் பதிவேட்டில் எழுதிவந்த அதிகாரி. 1980ல் அந்தப் பதவியையே ஒழித்த பிறகும், ஏதாவது ஒரு காகிதத்துக்காக எங்கள் ஆபீஸ் படியேறிக்கொண்டே இருந்தார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "ராத்திரி மூணு மணிக்குப் பெறந்த புள்ளைக்கு ஜாதகத்துல செவ்வாதான்யா. சூரியன் உதிச்சாத்தான் புதன். இங்கிலீஷ்காரனுக்கு பன்னெண்டு அடிச்சாப் புதன். ரெண்டும் சரிதான்." அதற்குள் ஆச்சி போய்ப் பல மாதம் ஆகியிருந்தது.

பதிவேட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். 1899ஆம் வருஷச் சென்னை மாகாணச் சட்டத்தின் கீழ் கிராமங்களில் பிறப்பு இறப்பு எழுதிய புத்தகங்கள் எங்கள் பதிவறையில் அடுக்கடுக்காக இருந்தன. ஓரம் பொடிப்பொடியாக உதிரும். புரட்டினால் தும்மல் நிற்காது. ஒரு சின்னக் கிராமத்தின் பக்கத்தில் ஒரே தேதியில் ஏழு குழந்தைகள் பிறந்திருந்தன. அந்த ஊரில் மொத்தமே ஐம்பது வீடு இருந்தால் அதிகம். கொள்ளை நோய் கேள்விப்பட்டிருக்கிறோம், இது என்ன கொள்ளைப் பிறப்பு என்று நாங்கள் கேலி செய்துகொண்டிருந்தோம். பெரியவர் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். ஏழு வரியிலும் ஒரே மை, ஒரே சாய்வு, எழுத எழுத மை வற்றி ஏழாவது வரி வெளுத்திருந்தது. "ஒரே உக்காருல எழுதுனது. தலையாரி வந்து வாய்ல சொல்லுவான், இந்த வீட்ல ஆணு, அந்த வீட்ல பொண்ணுன்னு. என்னைக்குன்னு அவனுக்கே தெரியாது. எழுதுன தேதியவே பெறந்த தேதியாப் போட்டுட்டாரு புண்ணியவான்." பெயர்க் கட்டமும் காலி. 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை', தகப்பன் பெயர், அவ்வளவுதான்.

இதில் பள்ளிக்கூட வயசைச் சேர்க்கவே இல்லை. தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொட்டவனுக்கு ஐந்து வயசு முடிந்தது என்று ஹெட்மாஸ்டர் போட்ட தேதியெல்லாம் தனிக்கதை. ஊரில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்.

செட்டிநாட்டுக்கே உரிய குழப்பம் கடல் தாண்டி வந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த குடும்பங்கள். ஒருவர் தன் மலாயாப் பிறப்புக் காகிதத்தைக் கொண்டுவந்தார். வருஷம் 2603. பக்கத்து சீட்டு நண்பர் அவரையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க பெறக்க இன்னும் அறுநூறு வருஷம் இருக்கு" என்றார். அவரும் சேர்ந்து சிரித்தார், பாவம், எத்தனை ஆபீஸில் சிரித்தாரோ. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அவன் நாட்டு வருஷக் கணக்கையே அங்கேயும் போட்டான். 660ஐக் கழித்தால் 1943.

இறப்புத் தேதி இன்னும் சிக்கல். 1942ல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனபின் அங்கிருந்து வரவேண்டிய சேதி மாதக்கணக்கில் தாமதமாக வந்தது. சேதி எட்டிய அன்றுதான் வீட்டில் தலை முழுகினார்கள். செத்த நாள் தெரியாத வீட்டில் வருஷா வருஷம் திதி கொடுத்ததும் கேள்விப்பட்ட நாளில்தான். பேரப்பிள்ளைகள் அந்தத் தேதியோடு வந்து நிற்பார்கள். அவர்களிடம் இது செத்த தேதி இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஒரு பாகப் பிரச்சினையில், அப்பச்சி இறந்தது துன்முகி வருஷம் ஆனி பிறந்து மூணாம் நாளா நாலாம் நாளா என்று இரண்டு பங்காளிகள் என் மேசை முன்னாலேயே அடித்துக்கொண்டார்கள். ஒரு நாளில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். துன்முகி என்றால் 1956. இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்த வருஷம் ஜூன் 17ல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தின நாள் அப்பச்சி கண்ணை மூடியிருந்தால் பெண்மக்களுக்கு ஒரு கணக்கு, மறுநாள் என்றால் வேறு கணக்கு. அதில் நான் வாயைத் திறக்கவில்லை. பதிவில் உள்ளதற்கு நகல் கொடுத்து, கோர்ட்டுக்குப் போங்கள் என்றேன்.

1969ஆம் வருஷப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பிரிவு ஒன்று உண்டு, 15. பதிவு தவறு என்று ருசுவானால் திருத்தலாம். ஆனால் பழையதை அடிக்கக்கூடாது. ஓரத்தில் திருத்தத்தை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடவேண்டும். பழைய தேதி இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, பதிவறையைக் காலி செய்து வேறு கட்டடத்துக்கு மாற்றினோம். கட்டு ஒன்றை அவிழ்த்தபோது ஆச்சியின் விண்ணப்பத்தின் அலுவலக நகல் கிடைத்தது. 'தேதி முரண். திருப்பப்படுகிறது.' என் கையெழுத்துதான், அப்போதே கிறுக்கல். மூலையில் எங்கள் அலுவலகத் தபால் முத்திரை, ஜனவரி 1992. என் கையெழுத்துக்குக் கீழே நான் போட்டிருந்த தேதி ஜனவரி 1991.