நான்காவது காட்சி ஒருவழியாக முடிந்தது

மூன்று வாரம் இழுத்தடித்த நான்காவது காட்சியின் எடிட்டை நேற்று ராத்திரி முடித்தேன். ஒரே அறை, மூன்று பேர், பள்ளி முடித்து 16 வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள். படமே அவ்வளவுதான். இதில் என்ன சிக்கல் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். பேச்சில் வந்தது.

கூடப் படித்தவர்கள் முறை வைத்துப் பேசுவதில்லை. ஒருவன் முடிப்பதற்குள் இன்னொருவன் பாய்வான். ஆனால் க்ளோசப்பை அப்படி எடுத்தால் ஒருவன் வசனத்தின் வால் அடுத்தவன் ஷாட்டில் ஒட்டிக்கொண்டு வரும், வெட்ட முடியாது. அதனால் முதலில் இடைவெளி விட்டுப் பேச வைத்தேன். ஏழு டேக். ஒலி சுத்தம், காட்சியில் உயிரில்லை. வேலைக்கு நேர்காணலுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

சரி என்று இரண்டு கேமராவை, பேசுகிறவர்களை இணைக்கும் கற்பனைக் கோட்டைத் தாண்டாமல் ஒரே பக்கம் வைத்து, ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். இரண்டிலும் ஒரே டேக் என்பதால் குறுக்கே பேசினாலும் வெட்டு பொருந்தும். அடி வாங்கியது ஒளியமைப்புதான். ஒரு முகத்துக்கு வைத்த விளக்கு அடுத்த ஃப்ரேமில் வந்து நின்றது. கடைசியில் மேசைக்கு மேலே ஒற்றை பல்பு. கேட்டால் மினிமலிசம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம் மைக். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இரண்டு மைக்குக்கும் நடுவே இருக்க வேண்டும். இருவர் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்தால் எங்கே இருக்கும்? சட்டையில் குத்திய இரண்டு லேப்பல் மைக்கையும் ஒன்றாகத் திறந்து கேட்டால் குடத்துக்குள் பேசுகிற மாதிரி ஒலித்தது. பேசாதவன் ட்ராக்கைச் சொல் சொல்லாக இறக்கினேன். “டேய், நீ அன்னிக்கு” என்பதன் மேல் ஒரு சிரிப்பு விழும். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் 14 வெட்டு. டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாமே என்றான் கேமரா பிடித்தவன். அந்தச் சிரிப்பை டப்பிங்கில் எங்கே போய்த் தேடுவது? கடன் வாங்கிய ரெக்கார்டர் 32 பிட் ஃப்ளோட் (சத்தம் அளவு மீறினாலும் பின்னால் இறக்கிக்கொள்ளக்கூடிய பதிவு முறை) என்பதால்தான் சிரிப்பு வெடித்த இடமும் கிழியாமல் கிடைத்தது.

வாடகை லேப்பல் ஒன்றில் வயர் தளர்ந்திருந்து இரண்டு டேக் கரகரத்தது. கொடுப்பவர் முன்னாலேயே வயரை ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.

இரைச்சல் வராமலிருக்க ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, திரும்பப் போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள் வைத்தேன். அதெல்லாம் ஞாபகம் இருந்தது, ரூம் டோன், அதாவது வெட்டுகளுக்கு நடுவே நிரப்ப யாரும் பேசாத அறையின் ஒலி, எடுக்கத்தான் மறந்தேன். காலி அறையின் ஒலி ஒத்துவராது, மூன்று பேரும் உள்ளே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது காட்சிக்கு வருகிறார்கள். வந்ததும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார வைக்க வேண்டும். இந்த மூவரிடம் அது எத்தனை டேக் போகுமோ.