திருப்பிக் கேட்ட கேள்வி

கற்பித்தல் பயிற்சி முடிந்து, ரெக்கார்டுக்கு அட்டை போட்டு, கையெழுத்தும் வாங்கியாயிற்று. கடின நீர் (சோப்பு எளிதில் நுரைக்காத தண்ணீர்) பாடத்துக்கு நேராக 'மாணவரின் வினாவைத் திருப்பும் திறன் மிக நன்று' என்று எழுதியிருக்கிறார்கள். மற்ற பாடங்களுக்குக் கிடைத்த திட்டெல்லாம் மறந்துவிட்டது, இந்தப் பாராட்டு மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பாடம் நன்றாகத்தான் போனது. வீட்டுத் தண்ணீரை ஆளுக்கொரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். காவிரித் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எல்லாம் வந்தது. எல்லாவற்றிலும் ஒரே அளவு சோப்புக் கரைசல் விட்டு, மூடி போட்டுக் குலுக்கி, நுரையை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். பாடத்தை ஐந்து கட்டமாக நடத்தும் ஃபைவ் ஈ முறையில் 'ஆராய்தல்' கட்டத்துக்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது. (துணி சோப்பு வேண்டும், டிடர்ஜென்ட் கூடாது, அது கடின நீரிலும் நுரைத்துவிடும்.) பாலாற்றங்கரைப் பக்கம் தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய தெருவிலிருந்து வரும் ஒரு பெண்ணின் பாட்டிலில் நுரையே எழவில்லை, திரிந்த பால் மாதிரி வெள்ளையாக மேலே மிதந்தது. பையன்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ எங்கூட்டுத் தண்ணிய குடிக்கலாமா, கூடாதா மிஸ்?"

"நீ என்ன நினைக்கிற? எப்படிக் கண்டுபிடிக்கலாம்?"

"கேன் தண்ணி தீந்துட்டா அதத்தான் குடிச்சிக்கினு இருக்கோம் மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் அதே கேள்வியை வகுப்புக்குத் திருப்பினேன். பின்பெஞ்சிலிருந்து ஒருவன் "காய்ச்சினா போதும் மிஸ்" என்றான். எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது, நேராகத் தற்காலிகக் கடினத்தன்மைக்குப் போய், பைகார்பனேட் இருந்தால் காய்ச்சினால் போகும், சல்பேட்டும் குளோரைடும் இருந்தால் போகாது என்று பாடக்குறிப்பில் எழுதியிருந்தபடியே முடித்தேன். பாடத்தைக் கவனித்து மதிப்பிட வந்த பார்வையாளருக்குப் பிடித்த இடம் அதுதான்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். சோப்பு காட்டுவது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும்தான். தோல் பதப்படுத்தக் கொட்டுவது சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, அது கடினத்தன்மையில் சேராது. தோல் பதனிடுவதில் சேரும் குரோமியம் என்ற உலோகம் இருந்தால் அதையும் நுரை காட்டாது. நன்றாக நுரைக்கிற தண்ணீர் நல்ல தண்ணீர் என்றும் இல்லை, அவள் தண்ணீர் கெட்டது என்றும் அந்தப் பாட்டிலை வைத்துச் சொல்ல முடியாது. குடிக்காதே என்றால், கேன் வாங்கக் காசில்லாத அன்றைக்கு அந்த வீட்டில் என்ன செய்வார்கள்? குடிக்கலாம் என்று சொல்ல என்னிடம் என்ன ஆதாரம் இருந்தது? அதனால் திருப்பிக் கேட்டதுதான் நேர்மை என்று ஒரு நாள் தோன்றும்.

மறுநாள் தோன்றாது. இவ்வளவு விஷயமும் அப்போதே எனக்குத் தெரியும், ஆனால் அதில் பாதியைக்கூட அவளிடம் சொல்லவில்லை. 'இந்தச் சோதனை உன் கேள்விக்குப் பதில் சொல்லாது' என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று அதில் சொன்னதையும் பரீட்சைக்கு உருப்போட்டவள்தான் நான். காய்ச்சினால் போதும் என்ற நினைப்போடு அவள் வீட்டுக்குப் போயிருந்தால்? வகுப்பில் பேர் தெரியாத உப்புகளைப் பற்றிப் பேசினேனே தவிர, அவள் வீட்டுத் தண்ணீருக்கு நான் திரும்பி வரவே இல்லை. அதே சமயம், வகுப்பு முழுக்க வைத்து அவள் தெருவைப் பற்றிப் பேசியிருந்தால் அந்தச் சிரிப்பு இன்னும் கூடியிருக்கும் என்பதும் உண்மை.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் தண்ணீரைச் சோதித்துத் தருவார்கள், எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டில் கொடுத்துப் பார்க்கலாமா என்று வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டேன். மாணவர்களே தேடிக் கண்டுபிடிக்கும் விசாரணை முறைக் கற்பித்தல் என்றால் அப்படித்தானே போக வேண்டும்? சார் கோபப்படவில்லை.

"அவங்கப்பா எங்க வேல செய்யறாருன்னு தெரியுமாம்மா?"

தெரியாது என்றேன்.

"தோல் ஷாப்புலதான். ரிசல்ட் வர்றதுக்குள்ள நீ காலேஜுக்குப் போயிடுவ. அந்தப் பேப்பர யார் கையில குடுக்கிறது?"

அவர் பயந்து சொன்னாரா, பல வருஷம் அந்த ஊரில் இருந்துவிட்டுச் சொன்னாரா, இரண்டும் ஒன்றுதானா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சரி சார் என்று வந்துவிட்டேன். ஆய்வகம் இருக்கும் இடத்தை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவளிடம் கொடுத்தேன். ஜாமெட்ரி பாக்ஸில் மடித்து வைத்துக்கொண்டாள். கட்டணம் எவ்வளவு என்று கேட்டாள், விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த வாரக் கடைசியில் எங்களை அடுத்த பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள்.