கேஷ் கவுன்டரில் என் கட்டைவிரல்

1990-ல் நான் வங்கியில் சேர்ந்தபோது நோட்டுக் கட்டுகளில் ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கும். அதை நகத்தாலும் கட்டைவிரலாலும் நெம்பி எடுப்பதுதான் கேஷியரின் முதல் பாடம். பின் அடிக்க வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2001-ல் சொல்லிவிட்டது. ஆனால் கட்டைவிரலின் அடி மூட்டு பழைய கணக்கை மறக்கவில்லை. இப்போது டிபன் பாக்ஸ் மூடியைத் திருகினாலே அந்த இடம் சுள்ளென்கிறது.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கள்ள நோட்டு கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும் என்பார்கள். அது நிஜம். 500 ரூபாய் நோட்டின் இரண்டு ஓரத்திலும் ஐந்து சாய்ந்த கோடுகள் மேடாக அச்சாகியிருக்கும். காந்தி படமும் லேசாகத் தட்டுப்படும். எண்ணிக்கொண்டே பேசுவேன், வழவழப்பாக ஒன்று வந்தால் கை தானாக நின்றுவிடும். போன வருடம் ஒரு நோட்டு என் விரலைத் தாண்டிப் போய், எண்ணும் மெஷினில் மாட்டியது. எடுத்துத் தடவிப் பார்த்தேன். கள்ள நோட்டு என்று தெரிந்த பிறகும் விரலுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை.

வயதாக ஆக விரல் நுனியில் தொடுதலை உணரும் நரம்பு முனைகள் குறைந்துகொண்டே வருமாம். வியர்வையும் குறைந்து தோல் காய்ந்துவிடுகிறது. ஸ்பாஞ்ச் டப்பாவைத் தொடாமல் பத்து நோட்டு நகராது. வழுக்கிவிடுமோ என்று தேவைக்கு மேல் அழுத்திப் பிடிக்கிறோம். மாலைக்குள் முழங்கை வரை கடுக்கிறது.

இதெல்லாம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு எப்போதோ வந்துவிட்ட தொல்லை. நவம்பர் மாதம் ஆயுள் சான்றுக்கு வருகிற பென்ஷன்காரர்களைப் பார்க்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், ரேகை மெஷினில் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார். பத்தும் விழவில்லை. "சாக்பீஸ் தின்னுடுச்சு தம்பி" என்று சிரித்தார். சாக்பீஸ் மட்டுமா, வயதே ரேகையைத் தேய்த்துவிடுகிறது. 2021-ல் முகத்தைக் காட்டிச் சான்று தரும் வசதி வந்ததில் கொஞ்சம் நிம்மதி.

கையெழுத்துக்குத்தான் அப்படி ஒரு வழி வரவில்லை. எத்தனை பேருடைய வித்ட்ராயல் சிலிப்பைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்! "ஒத்துவரலை ஐயா, இன்னொரு தடவை போடுங்க." ஏதோ அவர்கள் வேண்டுமென்றே மாற்றிப் போட்டதுபோல ஒரு தோரணை வேறு. இரண்டாவது முதலாவதைவிட மோசமாக வரும், மூன்றாவது அதையும்விட. ஒரு நாள் அதே ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க பார்த்துக்கிட்டே இருந்தா கை இன்னும் ஆடுது தம்பி."

அன்று எனக்கு வயது ஐம்பது இருக்கும். வீட்டுக்குப் போய் ஒரு தாளில் என் கையெழுத்தைப் பத்து முறை போட்டுப் பார்த்தேன். மனைவி எட்டிப் பார்த்ததும் பதினொன்றாவது கோணிக்கொண்டது.

இப்போதும் விதிப்படி கையெழுத்தைச் சரிபார்க்கத்தான் செய்கிறேன். ஒத்துவராவிட்டால் புது மாதிரிக் கையெழுத்துக்கான படிவத்தை நானே எடுத்து நீட்டுகிறேன். அவர்கள் குனிந்து எழுதும்போது மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, எதையோ தேடுவதுபோல மவுஸை உருட்டிக்கொண்டிருப்பேன். திரையில் ஒன்றும் இருக்காது.