பீரோக்குள்ள இருந்த லீடு

"அந்த லீட வெச்சு இன்கமர் பேனல்ல பாக்காதீங்கண்ணா"ன்னு எங்க மில்லு சீனியர் எலக்ட்ரீஷியன்கிட்ட நான் சொன்னது சரிதான்னு இப்பவும் நினைக்கறேன். லீடுன்னா மீட்டர்ல சொருகி கரண்ட் பாக்கற ஒயர், இன்கமர் பேனல்னா மில்லுக்குள்ள மெயின் சப்ளை வந்து நுழையற பேனல். ஆனா அதுக்கு அவர் திருப்பிக் கேட்டதுக்கு இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட ஒழுங்கான பதில் இல்ல.

மில்லு மெயின்டனன்ஸ்ல இருக்கறவங்களுக்கு நான் எந்த லீட சொல்றேன்னு பாக்காமயே தெரியும். 1 ஸ்கொயர் எம்எம் ஃப்ளெக்ஸிபிள் ஒயர், ஒரு பக்கம் பனானா பின்ன சால்டர் பண்ணியிருக்கும், இன்னொரு பக்கம் பழைய பேனா கூட்டுக்குள்ள சைக்கிள் ஸ்போக்க கூரா தேய்ச்சு விட்டு எம்-சீல் போட்டு இறுக்கியிருக்கும். எங்க சீனியர் எலக்ட்ரீஷியன் அவரே செஞ்சது. ஆசைக்குச் செய்யல. ஸ்டோர்ல குடுத்த மலிவு லீடு எல்லாம் பின்னுக்கிட்ட கழுத்துல ஒடிஞ்சு ஒடிஞ்சு வந்ததால செஞ்சாரு.

அந்த மலிவு லீட பத்தி சொல்லியே ஆகணும். மேல "கேட் 3, 1000 வோல்ட்"னு அச்சடிச்சிருக்கும் (கேட்ங்கறது எந்த இடத்துல வெச்சு பாக்கலாம்னு சொல்ற பாதுகாப்பு வகுப்பு, நம்பர் கூட கூட மெயின் சப்ளைக்குக் கிட்ட), ஒயர்கிட்ட காந்தத்த கொண்டு போனா ஒட்டும், உள்ள இருக்கறது செம்பு பூசுன இரும்பு. ரெண்டு முனையையும் சேத்துப் பிடிச்சா நல்ல லீடு 0.1, 0.2 ஓம் காட்டும், இது அரை ஓமுக்கு மேல காட்டும், அதையும் ஆட்டுனா மாத்திக் காட்டும். பெரிய மோட்டார் வைண்டிங்கே ஒரு ஓமுக்குள்ள தான்ங்கறப்ப இத வெச்சு என்னத்த பாக்கறது. அதவிட மோசம், வெளிய பிவிசி நல்லா இருக்கும், உள்ள கம்பி ஒடிஞ்சிருக்கும், மீட்டர் சைபர் காட்டும். 415 வோல்ட்ல ஓடற டிரைவ்ல, அதாவது மோட்டார் வேகத்த மாத்தற பெட்டில, உள்ள இருக்கற டிசி பஸ்ஸுல (டிசி கரண்ட் நிக்கற பகுதில) 560, 580 வோல்ட் நிக்கும், பவர ஆஃப் பண்ண பிறகும் கெப்பாசிட்டர் இறங்க சில நிமிஷம் ஆகும், அந்த நேரத்துல பொய்யா ஒரு சைபர் வந்தா அத நம்பி கைய வெக்கறவன் நிலைமை என்ன?

அவரோட லீடு அந்தப் பொய்ய சொன்னதில்ல. இல்ல, சொல்லியிருந்தாலும் அவர் பிடிச்சிருப்பாரு. ஏன்னா அவருக்கு ஒரு பழக்கம், முதல்ல பக்கத்துல சப்ளை இருக்கற பிளக் பாயின்ட்ல குத்தி 230 வருதான்னு பாப்பாரு, அப்புறம் மெஷின்ல பாப்பாரு, மறுபடியும் வந்து பிளக் பாயின்ட்ல பாப்பாரு. எவ்வளவு அவசரம்னாலும் இத விட மாட்டாரு.

அப்புறம் ஏன் வேண்டாம்னேன்? ஸ்போக்கு ஒரு இஞ்சுக்கு மேல வெளிய நீட்டிட்டு இருக்கும். ஐஇசி 61010-031ங்கற லீடு பாதுகாப்பு ஸ்டாண்டர்ட்ல கேட் 3, கேட் 4 இடத்துக்கு முனை 4 எம்எம் தான் வெளிய தெரியலாம்னு இருக்குன்னா அது சும்மா இல்ல, கை ஒருதடவ வழுக்கி ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல அந்தக் கம்பி விழுந்தா டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், முகத்துக்கு நேரா. அதோட கெப்பாசிட்டர் பேங்க் ஆன் ஆகி ஆஃப் ஆகற லைன்ல 415ங்கறது எப்பவும் 415 இல்ல, ஒரு நொடிக்கும் கம்மியான நேரத்துக்கு ஆயிரத்தையும் தாண்டி எகிறலாம். கேட் 3, 600 வோல்ட்னு உண்மையாவே போட்டிருக்கறது 6000 வோல்ட் அதிர்வு குடுத்து சோதிச்சது. பேனா கூட்ட யாரு சோதிச்சா? இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

அதனால தான் எழுதிக் குடுத்து, அலைஞ்சு, ஒரு ஃப்ளூக் லீடு செட் வாங்க வெச்சேன். சிலிக்கான் ஒயர், மேல் தோல் தேஞ்சா உள்ள வேற கலர் தெரியும், முனைய திருகி சின்னதாக்கலாம். சில ஆயிரம் ரூபாய். விலை அதிகம்ங்கறதால மேல இருந்து ரிஜிஸ்டர் போட்டு ஸ்டோர் பீரோவுல வெக்கச் சொல்லிட்டாங்க. ஒரே ஒரு செட்.

அன்னைக்கு அவர் சொன்னது இதுதான்: "நீங்க சொல்றது சரிங்க சார். ஆனா பீரோக்குள்ள இருக்கற லீடு ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் இருக்கா இல்லையான்னு எனக்குச் சொல்லாதுங்களே?"

"சாவிய செக்யூரிட்டிகிட்ட குடுக்கச் சொல்றேண்ணா"ன்னேன். "சரிங்க"ன்னு லீட சுருட்டி என் கைல குடுத்துட்டாரு. கோவமா குடுத்திருந்தா கூட எனக்கு சுலபமா இருந்திருக்கும்.

சாவி விஷயம் உடனே நடக்கல, யார் பொறுப்புன்னு இழுத்துட்டே போச்சு. அந்த இடைவெளில நைட் ஷிஃப்ட்ல அவர் நியான் டெஸ்டர (உள்ள சின்ன பல்பு எரியற ஸ்க்ரூடிரைவர்) வெச்சு பாத்துட்டு இருந்தத நானே பாத்தேன். அது கால்ல என்ன செருப்பு, எது மேல நிக்கறோம்ங்கறத பொறுத்து எரியும், எரியாம போகும், டிரைவ் டிசி பஸ்ல அத நம்பவே முடியாது. அப்ப நான் அவர் கைல இருந்து வாங்கி வெச்சது ஆபத்தையா, இல்ல அதுக்கு எதிரா அவர்கிட்ட இருந்த ஒரே பாதுகாப்பையா? ஒண்ணும் ஆகலன்னு சொல்லி மனச தேத்திக்கலாம்னு பாத்தா, "இத்தன வருஷமா இதுல ஒண்ணும் ஆகலைங்களே"ங்கறது அவரோட வாதம், அத நான் தான் ஒத்துக்க மாட்டேன்னு சொன்னேன். எனக்கு மட்டும் அத எப்படி எடுத்துக்கறது.

இன்னொண்ணும் உறுத்துது. புதுசா வந்த தம்பி அந்த நல்ல லீட எடுத்துட்டு நேரா பேனலுக்குப் போறான், பிளக் பாயின்ட்ல பாக்கறதே இல்ல. கேட்டா "கம்பெனி லீடு தானே சார்"ங்கறான். நல்ல லீடும் ஒருநாள் ஒடியும், மீட்டரும் கெட்டுப் போகும். அவனுக்கு அந்தப் பழக்கத்த கத்துக் குடுக்கச் சொல்லி அண்ணாகிட்ட தான் விட்டிருக்கேன், அவரும் மனசு கோணாம கத்துக் குடுக்கறாரு.

ஷிஃப்ட்டுக்கு ஒரு செட் வேணும்னு இப்ப இன்டென்ட் (வாங்கச் சொல்லி எழுதற கோரிக்கை) போட்டிருக்கேன், ஸ்டாண்டர்ட் நம்பரையும் எழுதி, பீரோவுல வெக்கக் கூடாது, ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் பையில இருக்கணும்னும் எழுதி. பர்ச்சேஸ்ல மூணு கொட்டேஷன் கேட்டு அதுல குறைஞ்ச விலைக்குத் தான் போவாங்க, மறுபடியும் காந்தத்துல ஒட்டறது வந்து சேருமோன்னு பயமா இருக்கு. இதுக்கு நடுவுல அவர் வந்து அவரோட லீட திருப்பிக் கேட்டா குடுப்பேனா? இன்கமருக்குன்னா மாட்டேன். 24 வோல்ட் கன்ட்ரோல் பாக்கன்னா குடுக்கலாம்னு தோணுது, ஆனா பைக்குள்ள ஒரு லீடு இருந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு இது 24க்கு மட்டும்னு ஒதுக்கி வெக்க எந்த எலக்ட்ரீஷியனுக்கும் நேரம் இருக்காதுங்கறதும் எனக்குத் தெரியும்.