சாய்தளம் மட்டும் போதாது: கல்லூரி விழாவை எல்லோருக்குமாகத் திட்டமிட

அரங்கை முடிவு செய்யும் முன் அளவு நாடாவோடு ஒருமுறை நடந்து பாருங்கள். சக்கர நாற்காலி நுழைய வாசல் குறைந்தது 80 செ.மீ. அகலமாவது திறக்க வேண்டும். 90 இருந்தால் நிம்மதி. சாய்தளத்துக்கு, 1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம் என்பது கணக்கு. அதாவது 15 செ.மீ. படி ஒன்றுக்கே 180 செ.மீ. பலகை வேண்டும். இடமில்லை என்று குட்டையாகப் போட்டால் ஏற்றம் கூடி, நாற்காலி பின்பக்கம் சாயும். மேடைக்கும் சாய்தளம் கட்டாயம். பரிசு வாங்க வருபவரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கிச் செல்வது உதவியே அல்ல, அவமதிப்பு.

சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதாது. நிகழ்ச்சி ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் இருவர் தேவை; சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள், இல்லையென்றால் களைப்பில் பிழை வரும். ஸ்லைடுகள், பேச்சாளர் பெயர்கள், துறைச் சொற்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பெரும்பாலும் சொதப்புவது விளக்கில்தான்: வீடியோவுக்காக அரங்கை இருட்டாக்கினால் மொழிபெயர்ப்பாளரின் கைகள் தெரியாது. அவர்மேல் தனி விளக்கு ஒன்று விழட்டும்.

அழைப்பிதழைப் படமாக மட்டும் அனுப்பினால் பார்வையற்றவரின் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள்) பெரும்பாலும் அதைப் படிக்காது. கீழே எழுத்தாகவும் போடுங்கள். பதிவுப் படிவத்தில் 'உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?' என்று கேளுங்கள். பதில்களைக் கவனிக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

விழாவன்று காலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையைத் திறந்து பாருங்கள். உபரி நாற்காலிகளை யாராவது அங்கே அடுக்கி வழியை அடைத்திருக்கக்கூடும். சாவி யாரிடம் என்றும் கேட்டு வையுங்கள்.