வெள்ளிக்கிழமை மாலையும் விறகு நிகழ்ச்சியும்

நார்வேக்கு வந்த முதல் குளிர்காலத்தில், 2013 பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், இந்நாட்டின் தேசியத் தொலைக்காட்சியான என்ஆர்கே 12 மணி நேரம் விறகைப் பற்றியே ஒளிபரப்பியது. மரத்தை எப்படிப் பிளப்பது, எப்படி அடுக்குவது, எப்படிக் காயவைப்பது என்று முதல் 4 மணி நேரம் பேசினார்கள். மிச்சமிருந்த 8 மணி நேரமும் கணப்பில் எரியும் தீயை மட்டும் காட்டினார்கள். வேறு கிழமையாக இருந்திருந்தால் வியப்போடு போயிருக்கும். 'ஒளியும் ஒலியும்' பார்த்து வளர்ந்த எனக்கு, வெள்ளிக்கிழமை மாலையில் பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் விறகு எரிந்துகொண்டிருந்தது பொறுக்கவில்லை. ஊர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது விமானத்தில் வந்தபோதுகூட அவ்வளவு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் மதிய உணவின்போது பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். விறகை அடுக்கும்போது பட்டை மேல்நோக்கி இருக்க வேண்டுமா கீழ்நோக்கி இருக்க வேண்டுமா என்று பெரியவர்கள் இருவர் குரல் உயர்த்தி வாதாடினார்கள். நிகழ்ச்சிக்கு வந்த புகார்களும் அப்படியே இருந்தனவாம்: பட்டை மேலே இருக்கிறதே என்று பாதிப் பேர், கீழே இருக்கிறதே என்று பாதிப் பேர். ஏறத்தாழ 50 லட்சம் மக்கள் வாழும் நாட்டில் 10 லட்சம் பேரளவுக்கு ஏதோ ஒரு நேரத்தில் அதைப் பார்த்திருந்தார்கள். அந்த மேசையில் சிரிப்பும் வந்தது, கூடவே ஒரு நினைவும் வந்தது.

'வயலும் வாழ்வும்' நினைவுதான். திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில், கொடைக்கானல் மலையிலிருந்து வரும் ஒளிபரப்பை நம்பியிருந்த எங்களுக்கு வேறு அலைவரிசை கிடையாது. வீட்டில் ஒரு சென்ட் நிலமும் இல்லை. ஆனாலும் விதை நேர்த்தியையும் பூச்சி மருந்து தெளிக்கும் முறையையும் அடுத்து வரும் நிகழ்ச்சிக்காகக் காத்திருந்தபடியே மனப்பாடமாகக் கற்றோம். நிலம் வைத்திருந்த பக்கத்து வீட்டு மாமா, திரையில் வந்த வேளாண் அலுவலரோடு உரக்க முரண்படுவார். அவர் சொல்வதுதான் சரியென்று நாங்கள் நம்புவோம். அலுவலகப் பெரியவர்கள் பட்டைக்காகச் சண்டையிட்டபோது அந்த மாமாவின் குரல்தான் கேட்டது. அரையாண்டு பனியில் கிடக்கும் மக்களுக்கு விறகு நமக்கு நெல்லைப் போன்றது என்பது அன்று விளங்கியது.

அதன்பின் வெள்ளி மாலைகளில் என்ஆர்கே முன் உட்காரத் தொடங்கினேன். ஆறு மணிக்குக் குழந்தைகள் நிகழ்ச்சி, ஏழு மணிக்குச் செய்தி, பிறகு 1976 முதல் வந்துகொண்டிருக்கும் 'நோர்கே ருண்ட்'. நாட்டின் ஏதேதோ மூலைகளில் வாழும் சாதாரண மனிதர்களைச் சில நிமிடங்கள் காட்டும் நிகழ்ச்சி அது. பின்னர் செய்திகளை வைத்துக் கேலி பேசும் வினாடி வினா, அரட்டை, துப்பறியும் தொடர். நடுவே விளம்பரமே கிடையாது. அடுப்பில் வைத்ததைக் கிளறிவிட்டு வரலாம் என்றால் அதற்கும் இடைவெளி கிடைக்காது.

மொழி புரியாததைப் பற்றி நான் அதிகம் வருந்தவில்லை. புரியாத மொழியின் முன் மணிக்கணக்கில் உட்காரும் பயிற்சி தூர்தர்ஷன் எங்களுக்குத் தந்ததுதானே! 1987 தொடக்கத்தில் ஞாயிறு காலை வரத் தொடங்கிய இந்தி ராமாயணத்தைத் தமிழ் தவிர வேறெதுவும் அறியாத என் பாட்டி ஒரு வாரமும் தவறவிட்டதில்லை. கதை அவருடையது, மொழி யாருடையதாக இருந்தால் என்ன? இங்கே எனக்குக் கதையும் தெரியாது என்பதுதான் வேறுபாடு. ஆனால் நார்வேயில் பெரியவர்களுக்கான வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பதில்லை, எழுத்து வரிகள்தாம் ஓடும். ஆங்கிலத் தொடரைக் காதால் கேட்டு, கீழே ஓடும் நார்வேஜிய வரியைக் கண்ணால் பிடித்து, வகுப்பில் கற்றதைவிட அதிகம் கற்றேன். ஒரு கட்டத்தில் வினாடி வினா நகைச்சுவைக்கு மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் முடிந்தது. அன்று இந்த நாட்டுக்காரியாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

மற்றவர்கள் என்று எழுதிவிட்டேன். அப்படி யாரும் என் வரவேற்பறையில் இல்லை. அந்தச் சிரிப்பு அரங்கில் இருந்த பார்வையாளர்களுடையது. மனக்குறை என்று எனக்கு ஒன்று உண்டென்றால் இதுதான்: நாடே ஒரே நிகழ்ச்சியைப் பார்க்கிறது, ஆனால் ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறது. எதிர்வீட்டு அம்மையாரும் 'நோர்கே ருண்ட்' பார்க்கிறார் என்பது அவர் சன்னலில் மாறும் நீல வெளிச்சத்தைக் கொண்டே எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஒருவர் வீட்டில் பெட்டி இருந்தால் தெருவுக்கே இருந்ததாகப் பொருள். செருப்புகள் வாசலில் குவியும், பின்னால் நிற்பவர்களுக்காக முன்னால் இருப்பவர்கள் தரையில் சரிவார்கள், 'எதிரொலி'யில் நேயர் கடிதம் படிக்கும்போது நம் ஊர்ப் பெயர் வருமா என்று எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள்.

போன குளிர்காலத்தில் துணிந்து எதிர்வீட்டு அம்மையாரை அழைத்தேன். ஒரு வாரம் முன்பே சொல்லிவைத்து, நாள் குறித்து, கையில் தாம் பின்னிய கம்பளிக் காலுறையோடு வந்தார். சுண்டலைச் சுவைத்துச் சாப்பிட்டார். செய்தி வாசிப்பவரோடு அவர் உரக்க முரண்பட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்போது வெள்ளிதோறும் வருகிறார், முன்கூட்டிச் சொல்வதில்லை. அவர் கிளம்பியதும் இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல வேண்டுமென்று தொலைபேசியை எடுப்பேன். ஊரில் அப்போது நள்ளிரவு கடந்திருக்கும். சனிக்கிழமை காலையில் அழைத்தால், அம்மா முதலில் கேட்பது அந்த அம்மையாருக்குச் சுண்டலில் தேங்காய் போதுமாக இருந்ததா என்பதைத்தான்.