இருபதுக்குப் பதினொன்று

பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை, பெல்ஜியத்தின் லூவன் நகரத்தில் மாணவர் விடுதி அறையில் உட்கார்ந்து பல்கலைக்கழக இணையதளத்தில் தேர்வு முடிவைத் திறந்தபோது, புள்ளியியல் இயற்பியல் என்ற பாடத்துக்கு நேரே 11 என்ற எண் இருந்தது. இருபதுக்குப் பதினொன்று. பத்தாம் வகுப்பிலிருந்து எந்தப் பாடத்திலும் எண்பது விழுக்காட்டுக்குக் கீழே இறங்காத எனக்கு அது கிட்டத்தட்ட அரியர் விழுந்ததற்குச் சமமாகவே பட்டது. பொதுச் சமையலறையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதே பாடத்தை எழுதியிருந்த பெல்ஜியத் தோழி என்னவென்று கேட்டாள். எண்ணைச் சொன்னேன். அவள் கைகுலுக்கி வாழ்த்தினாள். கேலி செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

முதுகலை இயற்பியலின் மூன்றாம் பருவத்தை எராஸ்மஸ் பிளஸ் உதவித்தொகையுடன் பெல்ஜியத்தில் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 1987-இல் ஐரோப்பிய மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் பின்னர் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மாணவர்களுக்கும் விரிந்தது. அத்திட்டத்தின் பெயருக்குரிய அறிஞர் எராஸ்மஸ் 1517 முதல் 1521 வரை இதே லூவனில் வாழ்ந்து, இலத்தீன், கிரேக்கம், ஹீப்ரு ஆகிய மூன்று மொழிகளையும் கற்பிக்கும் ஒரு கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தார் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். நான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927-இல் கட்டுரை எழுதிய ஜார்ஜ் லெமெய்த்ர் என்ற பாதிரியார் அந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அண்டவியல் படிக்க விரும்பும் ஒருவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

ஐரோப்பாவில் படிப்பை அளக்கும் முறையை நான் புரிந்துகொள்ளாமலே போய் இறங்கியதுதான் பிற்பாடு வந்த எல்லாச் சங்கடத்துக்கும் மூலம். ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது மாணவர் உழைக்க வேண்டிய 25 முதல் 30 மணி நேரம். அதாவது ஏறத்தாழ ஐந்து மாதங்களில் 750 மணி நேரத்துக்குக் குறையாமல் படித்தாக வேண்டும். ஆனால் வகுப்பறையில் செல்வதோ அதில் ஒரு சிறு பங்குதான். மிச்சமெல்லாம் மாணவரின் கையில் விடப்படுகிறது. என் பாடங்களில் வருகைப்பதிவு எடுக்கவில்லை, 75 விழுக்காடு என்ற மிரட்டல் இல்லை, இன்டர்னல் மார்க்குக்காக யாரையும் பார்த்துக் கும்பிட வேண்டியதில்லை. அக்டோபரில் இதை நான் விடுதலை என்று எடுத்துக்கொண்டேன். புரூஜ், கென்ட், கொலோன், பாரிஸ் என்று கிழமைக்கு ஓர் ஊராகச் சுற்றினேன். வெள்ளிக்கிழமை மாலையானால் பெல்ஜிய மாணவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கருங்கல் பாவிய தெருவில் அந்தச் சக்கரங்கள் எழுப்பும் ஒலி ஓய்ந்ததும் ஊர் வெறிச்சோடிவிடும். வெறிச்சோடிய ஊரில் தனியாக இருப்பதைவிட ரயிலில் இருப்பது மேல் என்று தோன்றியதும் உண்மைதான். ஆனால் அவர்கள் அந்தப் பெட்டியில் அழுக்குத் துணிகளோடு பாடக் குறிப்புகளையும் எடுத்துப் போனார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்தினார்கள். வீட்டுக்கும் எனக்குமான இடைவெளி மூன்றரை மணியிலிருந்து நான்கரை மணி ஆனது; நான் வகுப்பு முடித்து வரும்போது அம்மா தூங்கப் போகும் நேரமாகிவிடும். டிசம்பரில் காலை எட்டரைக்கு மேல்தான் விடிந்து, மாலை நாலரைக்கெல்லாம் இருட்டியது. குளிரை எல்லோரும் எச்சரித்திருந்தார்கள், இருட்டை ஒருவரும் எச்சரிக்கவில்லை. குளிருக்குச் சட்டை உண்டு.

வகுப்புகள் 13 வாரம் நடந்து, கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டி 'ப்லோக்' என்று அவர்கள் சொல்லும் காலம் தொடங்கியது. பாடம் கிடையாது, தேர்வு ஜனவரியில், இடையில் படிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. முதல் நாள் பத்து மணிக்கு மைய நூலகத்துக்குப் போன எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. அடுத்த நாள் திறப்பதற்கு முன்பே போய் வரிசையில் நின்றேன். அந்த நூலகத்தைப் பற்றிச் சொல்லாமல் கடந்து போக முடியாது. 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படையினர் வைத்த தீயில் பல்கலைக்கழகத்தின் பழைய நூலகம், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களோடு அழிந்தது. அமெரிக்கர்களின் நன்கொடையால் வேறிடத்தில் எழுப்பப்பட்டு 1928-இல் திறக்கப்பட்ட இன்றைய கட்டடமும் 1940 மே மாதத்தில் மறுபடி எரிந்து, போருக்குப் பின் மறுபடி கட்டப்பட்டது. நன்கொடை தந்த அமெரிக்கப் பள்ளிகள், கல்லூரிகளின் பெயர்கள் சுவர்க் கற்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வரிசையில் நின்ற காலைகளில் அவற்றைப் படித்துத்தான் பொழுதைப் போக்கினேன்.

இரண்டு தீயிலிருந்தும் மீண்ட நூலகத்தை மூன்றாவதாகப் பிரித்தது மொழி. டச்சு பேசும் பகுதியான லூவனில் பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சு வழிப் பிரிவு இருக்கக் கூடாது என்ற போராட்டம் 1968 பிப்ரவரியில் பெல்ஜிய அரசையே கவிழ்த்தது. பல்கலைக்கழகம் இரண்டாகி, பிரெஞ்சுப் பிரிவு லூவேன் லா நூவ் என்ற புதிய ஊருக்குப் போயிற்று. நூல்களில் பெரும்பகுதியை, அவற்றின் அடுக்கு எண்ணைப் பார்த்து, ஒற்றைப்படை எண் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் மறுபக்கம் என்று பங்கிட்டுக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் அண்டா குண்டாவைப் பங்கிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. 1965-இல் மாணவர்கள் மொழிக்காகத் தெருவில் இறங்கிய மாநிலத்திலிருந்து வருகிறேன் என்று தோழியிடம் சொன்னபோது, அவளுக்கு அதில் விளக்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. இந்தியாவைப் பற்றி நான் சொன்னவற்றில் அவள் உடனே புரிந்துகொண்டது அது ஒன்றைத்தான்.

தேர்வு வாய்மொழித் தேர்வு. நம் ஊர் வைவாவைப் போலப் பத்து நிமிடத்தில் பெயரைக் கேட்டு, தலைப்பைக் கேட்டு அனுப்பிவிடும் சடங்கன்று அது. கேள்வித்தாளைக் கொடுத்து, தாளில் எழுதித் தயாராக ஒரு மணி நேரம் தந்து, பிறகு பேராசிரியரின் எதிரில் உட்கார்ந்து எழுதியதை விளக்கச் சொன்னார்கள். எனக்கு வந்தது நல்லியல்பு வாயுவின் என்ட்ரோப்பி, அதாவது அதன் ஒழுங்கின்மையின் அளவு. வரி பிசகாமல் நிறுவியிருந்தேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "சரியாக இருக்கிறது. துகள் எண்ணிக்கையின் ஃபாக்டோரியலால் வகுத்திருக்கிறீர்களே, ஏன்?" என்று கேட்டார். துகள்களைத் தனித்தனியே அடையாளம் காண முடியாது என்பதால் என்று பாடநூல் வாக்கியத்தைச் சொன்னேன். "அப்படியானால் இரண்டு வாயுக்கள் ஏறக்குறைய ஒரேமாதிரி இருந்தால்? கலக்கும்போது என்ட்ரோப்பி கூடுமா? அந்த 'ஏறக்குறைய' எங்கே முடிகிறது?"

இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு, கிப்ஸ் முரண்பாடு என்று பெயர். அந்தப் பெயரும் எனக்குத் தெரியும், இரண்டு மதிப்பெண் கேள்வியாக அதை எழுதியும் இருக்கிறேன். ஆனால் அது உண்மையிலேயே ஒரு முரண்பாடு, அதைக் கண்டு ஒருவர் திகைத்திருக்க வேண்டும் என்பது அந்த நாற்காலியில் உட்காரும்வரை எனக்கு உறைத்ததில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்தேன். அவரும் பேசவில்லை, அவசரப்படுத்தவுமில்லை. வேறுபாடு எவ்வளவு சிறியதானாலும் கலப்பின் என்ட்ரோப்பி முழுதாகவே கூடும், இரண்டும் ஒன்றேயானால் மட்டும் அது சட்டென்று காணாமற்போகும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அப்படியானால் விடை வாயுவில் இருக்கிறதா, அதை வேறுபடுத்திப் பார்க்கும் நம்மிடம் இருக்கிறதா என்றார். அதற்குமேல் என்னால் போக முடியவில்லை. அந்த 11-இல் சூத்திரத்துக்கு எவ்வளவு, தடுமாற்றத்துக்கு எவ்வளவு என்று இன்றும் எனக்கு ஓர் ஐயம் உண்டு.

இருபதுக்குப் பத்து எடுத்தால் தேர்ச்சி, பதினாறைத் தாண்டுவது அரிது, ஆகவே பதினொன்றுக்கு யாரும் அழுவதில்லை என்று தோழி பொறுமையாக விளக்கினாள். அம்மாவிடம் அவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. "பாஸா, ஃபெயிலா, அத மட்டும் சொல்லுடி" என்றார், சொன்னேன், சாப்பிட்டாயா என்ற அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

விளக்கம் எடுபடாமல் போனது ஊர் திரும்பிய பிறகுதான். என் பல்கலைக்கழக அலுவலகம் லூவன் மதிப்பெண்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஐந்தால் பெருக்கியது. பதினொன்று ஐம்பத்தைந்தாயிற்று, அண்டவியலில் நான் பெருமையாக நினைத்திருந்த பதினான்கு எழுபதாயிற்று. மதிப்பெண் முறையின் விளக்கக் குறிப்பைச் சான்றிதழோடு இணைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். அதைக் காட்டினேன், மனு எழுதினேன், துறைத் தலைவரின் பரிந்துரையோடு இன்னொரு மனுவும் எழுதினேன். "விதியில் அப்படி ஒன்றும் இல்லையேம்மா" என்ற பதில் மட்டும் இரண்டு முறையும் மாறவில்லை. புறப்படும் முன் மாணவர், அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் ஆகிய மூவரும் கையெழுத்திடும் கற்றல் ஒப்பந்தத்தில் பாடங்களும் கிரெடிட்களும் இருந்தன. மதிப்பெண்ணை எப்படி மாற்றுவது என்று ஒரு வரியும் இல்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான், கேட்கத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு கிளம்பவிருந்த இளையவர் ஒருவர் ஸ்வெட்டர் எத்தனை எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டு வந்தபோது, அந்த ஒப்பந்தத்தைத்தான் முதலில் எடுத்துவரச் சொன்னேன்.